மழைக்கு நாள் குறித்த பாட்டு

கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதி வைக்காமல் இருக்க முடியாதவர் ஜான் ஆப்ரி. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் 1626இல் பிறந்தவர். பெரிய மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளுக்காகத்தான் இன்று அவர் பெயர் நிலைத்திருக்கிறது. ஆனால் சாமானியர்களின் வழக்கங்களின் மேலும் அவருக்கு அதே அளவு பிரியம் இருந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போருக்கு முன்பு, வீட்டு வேலைக்காரப் பெண்கள் இரவில் அடுப்பருகே உட்கார்ந்து சொன்ன பழங்கதைகள், அச்சுப் புத்தகங்கள் பெருகியதும் மறைந்துபோயின என்று வருந்தியவர் அவர். அந்த வருத்தத்தோடு 1687ஐ ஒட்டிய ஆண்டுகளில் பழைய நம்பிக்கைகளையும் சடங்குகளையும் திரட்டி ஒரு கையெழுத்துப்படி எழுதினார். அதில் பிள்ளைகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. மழை பெய்யும்போது சிறுபிள்ளைகள் ஒன்றுகூடி, ஒரே குரலில் பாடி மழையை விரட்டுகிறார்கள். போய்விட்டுச் சனிக்கிழமை வரும்படி அதற்கு நாளும் குறித்துக் கொடுக்கிறார்கள். இது மிகத் தொன்மையான வழக்கமாக இருக்க வேண்டும் என்பது தன் எண்ணம் என்றும் ஆப்ரி சேர்த்து எழுதியிருக்கிறார்.

நம் எல்.கே.ஜி. பிள்ளைகள் கையை ஆட்டி ஆட்டிப் பாடுகிற ‘ரெயின் ரெயின் கோ அவே’ பாட்டுதான் அது. ஆப்ரியின் காலத்துக்கும் இன்றைக்கும் நடுவில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்தக் கையெழுத்துப்படி அச்சேறவே 1881 ஆனது. லண்டன் நாட்டார் வழக்காற்றுக் கழகம் அதை வெளியிட்டது. அதுவரை அந்தப் புத்தகத்தின் தயவு இல்லாமலே பாட்டு தன் வழியில் போய்க்கொண்டிருந்தது.

ஆப்ரிக்கு முன்னாலும் அதற்கு ஒரு தடயம் உண்டு. ஜேம்ஸ் ஹவல் என்பவர் 1659இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் மழையை ஸ்பெயினுக்குப் போகச் சொல்கிற வடிவம் ஒன்று இருக்கிறது. 1588இல் ஸ்பெயினின் மாபெரும் கப்பற்படை புயலில் சிதறியதைக் கொண்டாடிப் பிறந்த பாட்டு என்று பலர் இதை வைத்து எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. ஆங்கிலத்தில் மழைக்கும் ஸ்பெயினுக்கும் எதுகை பொருந்துகிறது. பிள்ளைகளுக்கு அதுவே போதுமான காரணம். தொன்மையைப் பற்றிய ஆப்ரியின் ஊகத்துக்குத்தான் வலுவான சாட்சி கிடைக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் போலக்ஸ் என்ற கிரேக்க அறிஞர் தொகுத்த சொற்களஞ்சியத்தில் பிள்ளைகளின் விளையாட்டுகளும் இடம்பெற்றன. மேகம் சூரியனை மறைக்கும்போது கிரேக்கப் பிள்ளைகள் கைதட்டி, அன்பான சூரியனை வெளியே வரும்படி கூப்பிடுவார்கள் என்று அவர் எழுதுகிறார். அதற்குச் சான்றாக அவர் காட்டுவது ஸ்ட்ராட்டிஸ் என்ற பழைய நாடகாசிரியரை. கைதட்டல், கூட்டுக்குரல், வானத்தை நேருக்கு நேர் விளிப்பது ஆகிய மூன்றும் அன்றைக்கே சேர்ந்திருந்தன.

ஆப்ரியின் குறிப்பில் ‘மழை பெய்யும்போது’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. இந்தப் பாட்டின் வரலாற்றில் என்னை நிற்க வைப்பது அதுதான். பிள்ளைகள் மழையைப் பார்த்து, மழையிடம், மழை நிற்க வேண்டும் என்று பாடினார்கள். மழை இல்லாத நாளில் அந்தப் பாட்டுக்கு வேலையே இல்லை. இந்த நிபந்தனை எங்கெல்லாம் காப்பாற்றப்பட்டது, எங்கே கழன்று விழுந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் பாட்டின் பயணம் முழுவதும் தெரிந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மழலைப் பாடல் புத்தகங்களுக்குள் நுழைந்தது. ஜேம்ஸ் ஆர்ச்சர்ட் ஹாலிவெல் 1842இல் இங்கிலாந்தின் மழலைப் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். அதன் பிறகு தொகுப்புகள் வரிசையாக வந்தன. சனிக்கிழமை போய் ‘இன்னொரு நாள்’ வந்தது. சில ஊர்களில் ஏப்ரல் மாத நாள், சில ஊர்களில் துணி துவைக்கும் நாள், வேறு சில ஊர்களில் ஒரு பெண்ணின் கல்யாண நாள். மழையைப் போகச் சொல்வதற்கு ஒரு காரணமும் வந்து சேர்ந்தது: ஒரு சின்னப் பையன் விளையாட வேண்டும். ஒரு வடிவத்தில் அவன் ஜானி, இன்னொன்றில் ஆர்தர். பாடுகிற பிள்ளையின் பெயரைச் செருகிக்கொள்ள அந்த இடம் காலியாகவே விடப்பட்டிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை தன் பெயர் ஒரு பாட்டுக்குள் வருவதைக் கேட்கும்போது அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பாட்டு ஏன் சாகவில்லை என்று தனியாக விளக்க வேண்டாம்.

மழையை எவரும் அடியோடு ஒழித்துக்கட்டச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பரவலான வடிவங்களில் பிள்ளைகள் கேட்பது தவணை மாற்றம் மட்டுமே. இப்போது போ, பிறகு வா.

இதே காலத்தில் ஜெர்மனியில், வானிலைப் பாட்டைக் கல்வியின் நடுவில் கொண்டுவந்து வைத்தார் ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல். கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840இல் வைத்தவர். தாயும் குழந்தையும் சேர்ந்து ஆடுகிற பாட்டுகளை 1844இல் ஒரு படப் புத்தகமாகக் கொண்டுவந்தார். தொடக்கத்திலேயே வருகிற பாட்டுகளில் ஒன்று, கோபுர உச்சியில் காற்றுக்குத் திரும்புகிற சேவல் வடிவக் காற்றுத்திசைகாட்டியைப் பற்றியது. குழந்தை முன்கையை நிமிர்த்தி, உள்ளங்கையைச் சேவலாக வைத்துக்கொண்டு, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்ப வேண்டும். சேவல் அசைகிறது. கொடியில் காயும் துணி அசைகிறது, பட்டம் அசைகிறது. இத்தனையையும் அசைக்கிற ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி வார்த்தையில் விளக்குவதற்கு முன்பாகக் குழந்தையின் மணிக்கட்டு அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஃப்ரோபெலின் எண்ணம். இன்று நம் பள்ளிகளில் ‘ஆக்‌ஷன் சாங்’ என்று சொல்லி விரலை ஆட்டி மழை பெய்விக்கிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. ஃப்ரோபெலிடம் அசைவு, கேட்ட கேள்வி ஒன்றுக்குப் பதிலாக இருந்தது. நம்மிடம் அது பெரும்பாலும் மேடைக்கான ஒப்பனையாகிவிட்டது.

அடுத்து மெட்டு. இன்று பரவலாக ஒலிக்கிற மெட்டை நம் சுரங்களில் சொன்னால், சங்கராபரணத்தின் ‘ப’வுக்கும் ‘க’வுக்கும் இடையே ஆடுகிறது, நடுவில் ஒரே ஒரு தடவை ‘த’வைத் தொட்டு இறங்குகிறது. மூன்றே சுரங்கள். ‘ப’விலிருந்து ‘க’வுக்கு விழுகிற அந்த இடைவெளி, இங்கிலாந்துத் தாய்மார்கள் தெருவில் விளையாடும் பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடும்போது தானாக வருகிற இழுப்பு. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் சீண்டும்போதும் அதுவே வருகிறது. வானத்தைப் பார்த்துக் கூப்பிடுகிற பாட்டுக்குக் கூப்பிடுகிற சுரமே அமைந்திருக்கிறது.

இந்த இடைவெளியின் அருமையைக் கண்டு ஒரு நாட்டின் இசைக்கல்வியையே அதன் மேல் எழுப்பியவர் ஹங்கேரிய இசையறிஞர் சோல்தான் கோடாய். பிள்ளைகளுக்கு ஏழு சுரங்களையும் வரிசையாகக் கொட்டாதீர்கள். அவர்கள் வாயில் இயல்பாக வருகிற இரண்டு சுரங்களில் தொடங்குங்கள். அரைச்சுர இடைவெளிகள் பிறகு வரட்டும் என்றார். 1929இல் பள்ளிகளின் மோசமான பாட்டுப் பாடத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1940களின் தொடக்கத்தில் மழலையர் பள்ளி இசையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இசையமைப்பாளர் பார்டோக்கோடு சேர்ந்து அவர் முன்னின்று நடத்திய ஹங்கேரிய நாட்டார் இசைப் பெருந்தொகுப்பின் முதல் தொகுதி 1951இல் வந்தபோது, அது முழுக்கவும் பிள்ளைகளின் விளையாட்டுப் பாடல்களாக இருந்தது. அவர் பிறந்த ஊரான கெச்கெமெட்டில் 1950இல் தினமும் பாடுகிற தொடக்கப் பள்ளி தொடங்கியது. ஹங்கேரியப் பிள்ளைகள் முதலில் கற்கிற பாட்டுகளில் ஒன்று, சூரியனை வெளியே வரச்சொல்லிக் கேட்கிறது. காரணமும் சொல்கிறது: தோட்டத்துக்குப் பின்னால் எங்கள் வாத்துகள் குளிரில் விறைக்கின்றன. தனக்காகக் கேட்காமல் வாத்துக்காகக் கேட்கிற அந்தப் பிள்ளைமனதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

கோடாயின் முறை 1960களில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் அதே இரண்டு சுரங்களை மையமாகக் கொண்ட பாட்டைத் தேடினார்கள். ஆப்ரி கேட்ட மழைப்பாட்டு கையருகிலேயே இருந்தது. நார்விச் நகரத்து ஆசிரியை சாரா குளோவரின் முறையை விரிவாக்கி ஜான் கர்வன் வகுத்த கை முத்திரைகளோடு, சுரம் கற்பிக்கிற முதல் பாடமாக அது அமெரிக்க வகுப்பறையில் உட்கார்ந்தது. பாட்டுக்கு ஒரு புதிய உத்தியோகம் கிடைத்தது. மழையோடு பேசிய பிள்ளை இப்போது சுரத்தோடு பேசியது. இதை நான் இழப்பாகப் பார்க்கவில்லை. காது திறப்பதும் கல்விதான். ஆனால் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பாடலாம் என்ற நிலைமை இங்கேயே வந்துவிட்டது.

நம் ஊருக்கு இந்தப் பாட்டு ஆங்கிலப் படிப்போடு வந்தது. மிஷன் பள்ளிகள், கான்வென்ட்டுகள், பிறகு தெருவுக்குத் தெரு வந்த நர்சரி பள்ளிகள், பெட்டிக்கடையில் தொங்கிய வண்ண ரைம்ஸ் புத்தகங்கள், சுவரில் ஆணியடித்த சார்ட்டுகள். சார்ட்டில் மஞ்சள் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்ட வெள்ளைக்காரப் பையன் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பான். இங்கே பாட்டு மனப்பாடப் பகுதியானது. ஆண்டு விழாவிலும் ரைம்ஸ் போட்டியிலும் பிள்ளைகள் நெற்றியைச் சுருக்கி, உள்ளங்கையை வெளிப்பக்கம் தள்ளி, மழையை விரட்டினார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்.

மழைக்காக ஏங்கிக் கிடக்கிற நாட்டில் மழையைப் போகச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதா என்ற கண்டனம் தமிழில் பல பத்தாண்டுகளாகக் கேட்கிறது. அதன் பின்னால் இருக்கிற வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கு அத்தனை நேராக இல்லை. லண்டனில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. நமக்குத்தான் இரண்டு மடங்குக்கு மேல். லண்டனில் அது நூறு நாட்களுக்கு மேல் பரவி, ஆண்டு முழுக்கச் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது. சென்னைக்கு அறுபது நாட்களுக்குள் வந்துவிடுகிறது. அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே ‘இன்னொரு நாள் வா’ என்று சொல்வதன் பொருள் இரண்டு ஊர்களிலும் ஒன்றாக இருக்க முடியாது. லண்டன் மழை இன்றைக்குப் போனால் நாளைக்கு வரும். நம் பருவமழை நவம்பரில் போனால் அடுத்த அக்டோபரைத்தான் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் எல்.கே.ஜி. படித்த பிள்ளை, வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து மொட்டை மாடியில் இரவைக் கழித்திருக்கக்கூடும். அதே பிள்ளை 2019 ஜூலையில் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது, ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மழையைப் போகச் சொல்லவும் வரச் சொல்லவும் அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது. எந்த நாளில் எதைச் சொல்வது என்று யோசிக்கத்தான் அதற்குக் கற்றுத்தர வேண்டும். பாட்டைத் தடைசெய்வதால் அது நடக்காது.

பக்கத்து மொழிகளில் பிள்ளைகள் இந்தப் பேரத்தை நன்றாகவே நடத்தியிருக்கிறார்கள். மராட்டியப் பிள்ளைகள் மழையை வரச்சொல்லி ஒரு பைசா லஞ்சம் கொடுக்கிறார்கள். அந்தப் பைசா செல்லாக்காசாகிவிடுகிறது, இருந்தாலும் பெரிய மழை வந்துவிடுகிறது. வங்காளத்தில் மழைக்கு நெல் அளந்து கொடுப்பதாக வாக்குறுதி. வங்காள மழைப்பாட்டு ஒன்றைத் தன் குழந்தைப் பருவத்தின் மேகதூதம் என்று தாகூர் தன் நினைவுக் குறிப்புகளில் கொண்டாடியிருக்கிறார். 1890களில் அவரே ஊர்ப்பெண்களிடமிருந்து மழலைப் பாடல்களைச் சேகரித்து எழுதினார். அவற்றை இலக்கியமாக மதித்தார். ஜப்பானில் மழை நிற்க வேண்டி, வெள்ளைத் துணியில் மொட்டைத்தலைப் பொம்மை செய்து ஜன்னலோரம் தொங்கவிடும் பழைய வழக்கம் உண்டு. அதற்காக 1921இல் அசஹாரா கியோசன் எழுதி நகயாமா ஷிம்பெய் மெட்டமைத்த பாட்டு இன்றும் பாடப்படுகிறது. நாளைக்கு வெயில் அடித்தால் பொம்மைக்குத் தங்க மணி. அடிக்காவிட்டால் கழுத்து போய்விடும் என்ற மிரட்டலும் அதில் உண்டு.

தமிழில் மழையை நோக்கிப் பேசுகிற மரபு பெரியது. மார்கழிக் காலையில் நம் பிள்ளைகள் பாடுகிற திருப்பாவையின் நான்காம் பாட்டில், மழைக்குரியவனிடம் கடலுக்குள் புகுந்து நீரை முகந்து, மேலேறி, கறுத்து, மின்னி, முழங்கிப் பெய்யும்படி ஆண்டாள் சொல்கிறாள். நீர்ச் சுழற்சிப் பாடம் முழுவதும் வரிசை பிசகாமல் அதற்குள் இருக்கிறது. வறட்சிக் காலத்தில் வீடு வீடாகப் பாடிக்கொண்டே மழைச்சோறு எடுத்த கூட்டத்தின் பின்னால் பிள்ளைகளும் ஓடினார்கள்.

இருந்தாலும் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மழை வருகிறது, நெல் குத்துங்கள், முறுக்குச் சுடுங்கள் என்று சொல்கிற பழைய பிள்ளைப்பாட்டு. ஊருக்கு ஊர் வடிவம் மாறும். ஏர் ஓட்டுகிற மாமனுக்குப் பங்கு எடுத்து வைப்பார்கள். சும்மா இருப்பவனுக்குச் சூடுதான். இதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துப் பிள்ளை மழையிடம் பேசுகிறது. கிரேக்கப் பிள்ளை சூரியனிடம் பேசுகிறது. நம் பிள்ளை வீட்டாரைப் பார்த்து உத்தரவு போடுகிறது! மழை வந்துவிட்டது, வேலையைப் பாருங்கள். மழையைப் போ என்றோ வா என்றோ சொல்லாமல், அது வந்தால் வீட்டில் என்ன மாறும், யார் வெளியே நனைவார்கள், அவர்களுக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. வானிலையைப் பற்றி ஒரு குழந்தைக்குக் கற்பிக்க இதைவிடச் செறிவான பாடத்தை நான் பார்த்ததில்லை. அந்தப் பாட்டைச் சார்ட்டில் அச்சடித்து விற்றவர்கள் குறைவு, அவ்வளவுதான் அதன் குறை.

ஆங்கிலப் பாட்டு அடுத்து திரைக்குப் போனது. ஜப்பானில் சிறுபிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்கள், தங்கள் வகுப்புக்காகத் தொடங்கிய ‘சூப்பர் சிம்பிள் சாங்ஸ்’ தொகுப்பில் இதை எடுத்துக்கொண்டார்கள். ஜானியின் இடத்தில் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, பாப்பா என்று ஒவ்வொருவராக வந்து விளையாட ஆசைப்படுகிறார்கள். ஹாலிவெல் காலத்துக் காலியிடத்தில் உறவுப் பெயர்கள் உட்கார்ந்தன. வேற்று மொழி கற்கிற பிள்ளைக்கு அது நல்ல உத்தி. அவர்களுடைய இன்னொரு பாட்டு இன்றைக்கு வானிலை எப்படி என்று கேட்கிறது. வெளியே பார்க்கச் சொல்கிறது. அதை எழுதியவர்கள் வகுப்பறையில் நின்றவர்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

சென்னையிலும் ஒரு திருப்பம் நடந்தது. ஒரு தந்தை தன் மகளுக்காகச் செய்த அசைபடக் காணொளியில் தொடங்கி, 2013இல் ‘சூசூ டிவி’ பிறந்தது. இந்த மழைப்பாட்டும் அங்கே அசைபடமானது. இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்த மழலைப் பாட்டுகள், சென்னையிலிருந்து உலகம் முழுவதும் உள்ள குழந்தைகளுக்குத் திரும்பிப் போகத் தொடங்கின. மழையில் நனைந்து பரவிய பாட்டுக்கு இப்போது மின்சாரமும் டேட்டாவும் போதும். பிள்ளை வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வாய் திறக்கவும் வேண்டியதில்லை. பாட்டு தன்னைத்தானே பாடிக்கொள்கிறது.

இங்கேதான் எனக்குக் கவலை. இங்கிலாந்தின் ஐயோனா, பீட்டர் ஓபி தம்பதி எழுபது பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 5,000 பிள்ளைகளிடமிருந்து திரட்டி 1959இல் வெளியிட்ட நூலில் ஒன்றைத் தெளிவாகக் காட்டினார்கள். பிள்ளைகளின் பாட்டு பெரியவர்கள் வழியாகப் போவதைவிட, எட்டு வயதிலிருந்து ஆறு வயதுக்கு, அக்காவிடமிருந்து தங்கைக்கு, தெருவில் கைமாறித்தான் உயிரோடு இருக்கிறது. அப்படிக் கைமாறும்போதுதான் சனிக்கிழமை ஏப்ரலாகும், ஆர்தர் ஜானியாவான். திரையில் ஓடுகிற பாட்டைக் குழந்தை திரும்பத் திரும்பக் கேட்கலாம், ஆனால் மாற்ற முடியாது. மாற்ற முடியாத பாட்டு குழந்தைக்குச் சொந்தமாவதில்லை.

ஒரு நவம்பர் மாதம் தகரக் கூரை போட்ட பால்வாடி ஒன்றில் மழைப் பாடம் நடந்ததைப் பார்த்தேன். மழை தொடங்கியதும் டீச்சர் சொல்லிக்கொண்டிருந்த எண்களை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தாழ்வாரத்துக்கு அழைத்து வந்தார். எல்லோரும் வரிசையாக நின்று கூரை நுனியிலிருந்து விழும் தாரைக்குள் கையை நீட்டினார்கள். டீச்சர் அந்த ‘ப–க’ இழுப்பிலேயே, மழையே எங்கே போகிறாய் என்று தமிழில் இட்டுக்கட்டிப் பாடினார். சற்று நேரம் யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு பையன், “டிச்சுக்குப் போவுது டீச்சர்” என்றான். அதுவும் பாட்டில் சேர்ந்தது. இன்னொரு குழந்தை, “எங்க ஆயா குடத்துக்கு” என்றது. அதுவும் சேர்ந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அது மழையை அனுப்ப விரும்பிய இடமும் வரிசையாக வந்தன. முற்றத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தார். மழை விட்டதும் அதற்குள் விரலை விட்டுப் பார்க்க எல்லோருக்கும் ஒரு தடவை வாய்ப்பு. தண்ணீர் ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவு. கரித்துண்டால் சுவரில் அந்த அளவுக்கு ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கிழமையை எழுதினார். அதற்கு முன்பு போட்ட கோடுகளும் சுவரில் இருந்தன. நேற்றைய மழை பெரிசா, இன்றைய மழை பெரிசா என்று பிள்ளைகள் கோடுகளை வைத்துச் சண்டை போட்டார்கள். ஒப்பிடுவது, கிழமை, அளவு, காது, நாக்கு எல்லாம் இருபது நிமிடத்துக்குள். உழவர்கள் ‘ஒரு உழவு மழை’ என்று மண் நனைந்த ஆழத்தை வைத்துச் சொன்ன கணக்கின் பிள்ளை வடிவம் அது.

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இப்படி ஒரு பாடத்துக்குத் தேவைப்படுவது ஒரு டம்ளரும் ஒரு கரித்துண்டும், பாடத்தை மழைக்காக நிறுத்திவைக்கிற துணிச்சலும். கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. அந்த வெயிலில் மழைப்பாட்டை எடுத்து முடித்துவிட்டு, அக்டோபரில் வேறு பாடத்துக்குப் போய்விடுகிற அட்டவணைகளை மாற்றிப் போட வேண்டும். ஜூனில் காற்றையும் நிழலையும் பாடட்டும். ஆடியில் பட்டம் பறக்கும்போது ஃப்ரோபெலின் சேவலைப் பாடட்டும். மழைப்பாட்டு வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்திருக்கட்டும். பனி பெய்கிற படத்தைக் காட்டிப் பனிப்பாட்டு சொல்லிக்கொடுப்பதைவிட, மார்கழி விடியலில் புல்லின் மேல் கையை வைக்கச் சொல்வது மேல்.

நம் ஊரில் இதற்கு ஒரு சிக்கலும் உண்டு. பலத்த மழை என்றால் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்துவிடுவார். மழை லீவு. அது சரியான ஏற்பாடுதான். தண்ணீர் தேங்கிய தெருவில் பிள்ளைகள் நடந்து வரக்கூடாது. ஆனால் மழையைப் படிக்க வேண்டிய பெரிய நாட்களில் பள்ளி மூடியிருக்கும், பிள்ளை வீட்டில் இருக்கும். எனவே பள்ளிகள் மழைக்காலம் தொடங்கும்போதே பாட்டையும் டம்ளர் வேலையையும் வீட்டுக்கு எழுதி அனுப்பலாம். லீவு விட்ட காலையில் கைப்பேசியை நீட்டாமல், அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ பிள்ளையைத் திண்ணையிலோ பால்கனியிலோ உட்கார வைத்துத் தங்கள் ஊர் மழைப்பாட்டைச் சொல்லட்டும். நெல் குத்த உரல் இருக்காது, அரிசி மாவு இருக்கும். முறுக்கு அச்சை அலமாரியிலிருந்து எடுக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுக்கலாம். வெளியே நனைந்து வேலை செய்கிறவர்கள் இன்று யார் யார் என்று கேட்டு, ஏர் ஓட்டுகிற மாமனின் இடத்தில் அவர்களை வைத்துப் பாடலாம்: பால் போடுகிறவர், மின்கம்பத்தில் ஏறுகிறவர், சாக்கடை அடைப்பை எடுக்கிறவர், வண்டியில் சாப்பாடு கொண்டுவருகிறவர். சுட்ட முறுக்கில் அவர்களில் ஒருவருக்காவது பங்கு எடுத்து வைக்கச் சொல்லலாம்.